கடலும் கலைஞனும்



கடலையும் கலையையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பேசுகின்றவன் வாழ்வதோ தில்லி மாநகரில். இங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், ரயிலில் ஓர் இரவையேனும் கழிக்காமல் கடலைக் காண முடியாது. கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். அருகில் இருப்பவன் காண்கிறான். பிரிந்து இருப்பவன் நினைக்கிறான். நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தார்கள். பிரிவை நினைந்து வருந்தும் உள்ளத்திற்கும் ஓயாது ஒலிக்கும் அலைக்கும் உள்ள உறவை அவர்கள் அறிந்திருந்தார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அந்த இலக்கணம் புதிதாகக் கற்பிக்க வேண்டியது அன்று.

என் மகளுக்கு எட்டு வயது. தில்லியில் பிறந்து தில்லியில் வளர்கின்றவள். சில மாதங்களுக்கு முன் பள்ளியில் கடலை வரைந்து வரச் சொன்னார்கள். அவள் வரைந்து முடித்து என்னிடம் காட்டினாள். தாளின் அடியில் ஒரு நீலக் கோடு. கோட்டின் மேல் ஒரு கப்பல். கப்பலுக்கு மேல் ஒரு சூரியன்.

"கடல் இவ்வளவுதானா, அம்மா?" என்றேன்.

"இவ்வளவுதான், அப்பா. வேறு என்ன இருக்கிறது?" என்றாள்.

அவள் மேல் குற்றம் இல்லை. கடலை அவள் கண்டதில்லை. நாகப்பட்டினத்திற்கு அருகே ஒரு கடற்கரைச் சிற்றூரே எங்கள் சொந்த ஊர். ஆயினும் என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டைக் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு மாற்றிக்கொண்டார். பேத்தி விடுமுறைக்கு வரும்போது கோயிலுக்கு அழைத்துச் செல்வார். சந்தைக்கு அழைத்துச் செல்வார். கடற்கரைக்கு மட்டும் அழைத்துச் செல்லமாட்டார். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். 'வேறு என்ன இருக்கிறது?' என்ற அவள் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. கலைஞர்கள் சொல்லியிருக்கும் விடைகள் சிலவற்றை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நம் வீடுகளில் பலர் கண்டிருக்கக்கூடிய ஓர் ஓவியம். இராஜா இரவிவர்மா 1848ஆம் ஆண்டு பிறந்து 1906ஆம் ஆண்டு மறைந்தவர். 1894ஆம் ஆண்டு பம்பாயில் அவர் ஓர் அச்சகம் நிறுவினார். அந்த அச்சகத்தின் வண்ணப் படங்கள் நாடெங்கும் பரவிப் பூசை அறைகளிலும் கடைச் சுவர்களிலும் இடம் பெற்றன. அவர் தீட்டியவற்றுள் ஒன்று, இராமபிரான் வருணனை அடக்கும் காட்சி. பாறையின் மேல் இராமன் வில்லோடு நிற்கிறான். கொந்தளிக்கும் கடலின் நடுவிலிருந்து வருணன் எழுந்து பணிகிறான். தொல்காப்பியம் நெய்தலுக்குத் தெய்வமாகக் கூறும் அதே வருணன்தான். மனிதன் வில்லெடுத்தால் கடலும் பணியும் என்பது போலத் தோன்றும் ஓவியம் அது.

ஆனால் அந்தக் கதையை வான்மீகியிடம் சென்று முழுவதும் படித்தால் பொருள் வேறாகிறது. மூன்று நாள் வழி வேண்டிக் காத்திருந்த இராமன் சினம் கொண்டு அம்பைத் தொடுக்கிறான். கடலரசன் வெளிப்பட்டு அஞ்சி நிற்கிறான்; எனினும் ஓர் உண்மையை விளக்கமாகச் சொல்கிறான். நிலம், நீர், தீ, காற்று, வான் ஆகிய ஒவ்வொன்றும் தன் இயல்பிலேயே நிற்பது. ஆழமாகவும் கடத்தற்கு அரிதாகவும் இருப்பது தன் இயல்பு என்கிறான். இயல்பை மாற்றிக்கொள்ள அவன் இசையவில்லை. பாலம் அமைக்கும் வழியை மட்டும் காட்டுகிறான். தொடுத்த அம்போ மீளாது. அதனை எங்கே விடுவது? வடதிசையில் ஒரு நிலப்பகுதியின் மேல் அது விடப்படுகிறது. அந்த நிலத்தின் நீர் வற்றி, அது பாலையாகிறது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். இயற்கையின் மேல் தொடுத்த அம்பு எங்கேனும் ஓரிடத்தில் விழுந்தே தீரும். கடலின் மேல் விழாவிட்டால் நிலத்தின் மேல் விழும். ஓவியர் வில்லைத் தீட்டினார். கடலின் பணிவைத் தீட்டினார். அம்பு விழுந்த நிலத்தை அந்தச் சட்டத்திற்குள் அவர் அடக்கவில்லை. அது அவர் குறை அன்று. ஓர் ஓவியத்தில் ஒரு கணந்தான் அடங்கும். அடங்காததை எண்ணிப் பார்ப்பது காண்பவர் கடமை.

இனிக் கிழக்கே, ஜப்பான் நாட்டிற்குச் செல்வோம். 1760ஆம் ஆண்டு, இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரில் பிறந்தவர் ஹொகுசாய் என்னும் ஓவியர். ஏறத்தாழ 1831ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில், ஃபூஜி மலையைப் பல இடங்களிலிருந்து காட்டும் மரச்செதுக்குப் படங்களின் வரிசை ஒன்றை அவர் வெளியிட்டார். அதில் ஒரு படம் இன்று உலகமெங்கும் 'பேரலை' என்று அறியப்படுகிறது. பிரெஞ்சு இசையறிஞர் தெபுசி கடலைப் பொருளாக வைத்து இயற்றிய இசைநூல் 1905ஆம் ஆண்டு அச்சானபோது, அதன் அட்டையில் இந்த அலையே இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டு ஜப்பான் வெளியிட்ட புதிய ஆயிரம் யென் பணத்தாளின் பின்புறத்திலும் இதனைக் காணலாம். இவ்வளவு புகழ் பெற்ற அந்தப் படத்தின் அளவோ மிகச் சிறிது. அகலம் 37 சென்டிமீட்டர், உயரம் 25 சென்டிமீட்டர் அளவே இருக்கும். ஒரு பெரிய வார இதழை விரித்து வைத்தது போன்றது.

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். ஆகவே படத்தைக் காணும் முன் தலைப்பைப் படிப்பது என் வழக்கம். 'பேரலை' என்பது பிறர் இட்ட பெயர். ஓவியர் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால், 'கனகாவாக் கடற்பரப்பில், அலையின் அடியில்' என்று வரும். அலையின் அடியில் என்றால், அடியில் இருப்பது யார் என்ற கேள்வி எழுகிறது அல்லவா? தலைப்பைப் படித்த பிறகே நான் படகுகளைக் கண்டேன். அதுவரை பல முறை அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் படகுகள் என் கண்ணில் படவில்லை. மூன்று படகுகள். மீனை விரைவாக நகரச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் நீண்ட படகுகள் அவை. ஒவ்வொன்றிலும் துடுப்பு வலிப்போர் வரிசையாகக் குனிந்து, துடுப்புகளைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தொலைவில், அலையைவிடச் சிறியதாக ஃபூஜி மலை. மலை அசையவில்லை, அலை விழவில்லை, மனிதர் குனிந்திருக்கிறார்கள்.

இங்கே வில்லும் இல்லை. பணியும் தேவனும் இல்லை. ஆயினும் இது தோல்வியின் ஓவியம் அன்று. குனிவது அவர்களுடைய தொழிலறிவு. நாளையும் அவர்கள் இதே கடலில் படகு செலுத்தியாக வேண்டும்.

இந்த ஓவியத்தில் இன்னும் ஒன்று குறிப்பிடத் தக்கது. ஹொகுசாய் ஒரே நாளில் இந்த அலையைப் பிடித்துவிடவில்லை. 1803ஆம் ஆண்டை ஒட்டியே இதுபோன்ற அலையையும் படகுகளையும் அவர் வரைந்திருக்கிறார். அவற்றில் அலை களிமண்ணால் செய்தது போலக் கனத்து நிற்கிறது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓர் அலையைப் பார்த்துப் பார்த்து, அதன் பிறகே நுரையின் விரல்களை அவர் கண்டார். அந்த ஆழ்ந்த நீல நிறமும் உள்நாட்டு நிறம் அன்று. பெர்லின் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டு வணிக வழியே வந்த பிரஷ்ய நீலம். தம் கடலைக் காட்ட அயலார் நிறத்தைக் கையாள அவர் தயங்கவில்லை. பிற்காலத்தில் ஒரு நூலின் பின்னுரையில், எழுபது வயது வரை தாம் வரைந்தவை பொருட்படுத்தத் தக்கவை அல்ல என்றும், எழுபத்து மூன்றாம் வயதிலேயே உயிர்களின் அமைப்பும் செடிகொடிகளின் வளர்ச்சியும் சிறிது புரியத் தொடங்கின என்றும் அவர் எழுதினார். இயற்கையைக் கற்பதற்கு ஒரு வாழ்நாள் போதாது என்பது அவர் கருத்து.

மூன்றாவதாக நம் காலத்திற்கு வருவோம். அடக்க எண்ணியவனையும் குனிந்தவனையும் கண்டோம். கடலோடு கூடிப் பணி செய்கின்றவனும் உண்டு. ஆங்கிலேயச் சிற்பியான ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரெனடாவின் கடலடியில் ஒரு சிற்பப் பூங்காவை அமைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீசிய பெரும்புயல் அந்தத் தீவைக் குலைத்திருந்தது. அங்குள்ள சிறுவர் சிறுமியரை மாதிரியாகக் கொண்டு, கைகோத்து வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் உருவங்களைச் செய்து, கடல் தரையில் நிறுத்தினார். பின்னர் மெக்சிகோ நாட்டின் கான்குன் நகரை அடுத்த கடலில், 2010ஆம் ஆண்டில், நானூறுக்கு மேற்பட்ட ஆளுயர உருவங்கள் ஒரு கூட்டமாக நிறுத்தப்பட்டன. அவற்றிற்கு மாதிரியாக நின்றவர்கள் அந்த வட்டாரத்தின் எளிய மக்கள்.

இவ்வுருவங்கள் கடல்நீரின் தன்மையைக் கெடுக்காத சிமெண்டுக் கலவையால் ஆனவை. மேற்பரப்பு சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும். பாசி அதில் பற்றும், பவளப் பூச்சிகள் தங்கும், கடற்பஞ்சுகள் முளைக்கும், மீன்கள் இடுக்குகளில் ஒதுங்கும். சில ஆண்டுகளில் முகம் மறைந்துவிடும். சிற்பி செதுக்கிய மூக்கின் மேல் கடல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நம் ஊர்ச் சிற்பி கண் திறந்த பிறகு உளியை வைத்துவிடுகிறான். இங்கே சிற்பி உளியை வைத்த பிறகே வேலை தொடங்குகிறது. கான்குனில் இதனால் வேறொரு பயனும் எண்ணப்பட்டது. நீர்மூழ்கிக் காண வரும் பயணிகளின் கூட்டம் இயற்கைப் பவளப் பாறைகளைச் சிதைத்து வந்தது. அவர்களில் ஒரு பகுதியினரைச் சிற்பங்களின் பக்கம் திருப்பினால், பாறைகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் என்று கருதினார்கள்.

பவளப் பாறை என்பது பாறை அன்று என்பதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். சிறு உயிர்கள் சுண்ணத்தைச் சுரந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஊர் அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து உணவும் நிறமும் தருகின்றன. கோடைக் காலத்தில் வழக்கமாக இருக்கும் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. வெப்பம் தணியாவிட்டால் இறந்தும் போகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் தொடர் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்தது. அந்தத் தொடருக்கு அருகில் உள்ள டவுன்ஸ்வில் நகரின் கடற்கரையோரம், இதே சிற்பி 2019ஆம் ஆண்டு ஒரு சிறுமியின் உருவத்தை நிறுத்தினார். அது கடலுக்கு அடியில் இல்லை. கரையிலிருந்து காணும்படி நீரின் மேல் நிற்கிறது. கடலின் வெப்பத்திற்கு ஏற்ப, இரவில் அதன் ஒளியின் நிறம் மாறுகிறது. கடலுக்குக் காய்ச்சல் கண்டிருப்பதை ஊரார் தம் வீட்டு வழியே நடந்து செல்லும்போதே காணலாம்.

இந்தச் செய்தி நமக்குத் தொலைவானது அன்று. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே இருபத்தொரு தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் உள்ளன. 1986ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல காலம் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பயன்படுத்தினார்கள். அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற அரணை நாமே பெயர்த்துச் சுவரில் பூசினோம். 2016ஆம் ஆண்டு வெப்பத்தில் மன்னார் வளைகுடாப் பவளமும் வெளுத்தது. வான்மீகியின் அம்பு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது.

நேயர்களே, இதுவரை ஓவியத்தையும் சிற்பத்தையும் சொன்னேன். கடலைப் பற்றிய கலைகளுள் எனக்கு மிக நெருக்கமானது இவை இரண்டும் அல்ல, ஒரு தாலாட்டு. அதனைச் சொல்வதற்கு முன், என் தந்தையார் ஏன் கடற்கரைக்குச் செல்வதில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிச் சென்னையில் இருந்தேன். காலை ஆறரை மணி அளவில் சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அந்த அலை நாகப்பட்டினக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. என் தந்தையார் பள்ளி ஆசிரியர். முதல் நாளே ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருவாரூர் சென்றிருந்ததால் தப்பினார். அவருடைய நண்பர் ஒருவர் மீனவர். இருவரும் ஒரே திண்ணைப் பள்ளியில் படித்தவர்கள். அன்று காலை நண்பர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். முதலில் சிறிதாக ஓர் அலை கரையேறியது. பிறகு கடல் உள்வாங்கியது. என்றும் காணாத தரை வெளிப்பட்டது. மீன்கள் சேற்றில் துள்ளின. பிள்ளைகள் ஓடினார்கள், கடலை நோக்கி. அவருடைய பேரனும் அவர்களில் ஒருவன். என் தந்தையாரிடம் படித்தவன்.

நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் அன்று இறந்தனர். என் தந்தையார் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பல நாள் அலைந்தார். அந்த நண்பர் அவரிடம் சொன்னது இதுதான்: "வாத்தியாரே, என் பாட்டன் எனக்குக் காற்றைச் சொல்லிக் கொடுத்தான், நீரோட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான், நட்சத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தான். கடல் பின்னால் போனால் ஓடு என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லவில்லை." அதற்கு என் தந்தையாரிடம் விடை இல்லை. தாமும் முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தும் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை என்பதே அவர் துயரம். அதன் பிறகு அவர் கடலைப் பார்க்கவில்லை.

நம் மொழியில் 'கடற்கோள்' என்று ஒரு சொல் உண்டு. கடல் நிலத்தைக் கொள்ளுதல் என்பது பொருள். பழைய உரைகளில், கடல் கொண்ட நாட்டையும் நகரையும் பற்றிப் படிக்கிறோம். ஆக, சொல் நம்மிடம் இருந்தது. தேர்வுக்கு எழுதினோம், மேடையில் பேசினோம். ஆனால் அந்தச் சொல் கரையில் விளையாடிய பிள்ளையின் காலுக்குச் சென்று சேரவில்லை.

இனி அந்தத் தாலாட்டு. சுமத்திராவின் மேற்கே, நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில், சிமலூ என்னும் தீவு இருக்கிறது. 1907ஆம் ஆண்டு அத்தீவைப் பேரலை தாக்கிப் பெரும் உயிர்ச்சேதம் விளைந்தது. பிழைத்தவர்கள் அந்த அலைக்குத் தம் மொழியில் 'ஸ்மோங்' என்று பெயர் இட்டார்கள். பெயர் இட்டதோடு விடவில்லை. பாட்டிமார் அதனைக் கதையாகச் சொன்னார்கள். தாய்மார் தாலாட்டில் வைத்தார்கள். நாட்டுப் பாடல்களில் அது இடம் பெற்றது. நிலம் வலுவாக நடுங்கினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடுங்கள் என்பதே அப்பாடல்களின் கருத்து. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்த அலை மீண்டும் வரவில்லை. ஆயினும் பாடலை அவர்கள் நிறுத்தவில்லை. 2004ஆம் ஆண்டு அந்த அலை வந்தபோது, அவர்களுக்குக் கிடைத்த நேரம் நம்மைப் போல் இரண்டு மணி அன்று, சில நிமிடங்களே. 'ஸ்மோங், ஸ்மோங்' என்று கூவிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

ஜப்பானிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. அனேயோஷி என்ற சிற்றூரில், 1933ஆம் ஆண்டின் பேரலைக்குப் பிறகு, மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்பது அதன் செய்தி. அவ்வூரார் அதன்படியே நடந்தார்கள். 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எழுந்த பேரலை அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டது.

இவற்றைக் கலை என்று சொல்லலாமா என்று ஐயம் எழலாம். கலையின் பயன் என்ன என்பதைப் பொறுத்தது அது. அழகியது ஒன்றைக் கண்டு வியப்பது ஒரு பயன். மறக்கக் கூடாததை மறக்க முடியாத வடிவில் வைத்துக் கொடுப்பது இன்னொரு பயன். இரண்டாவதற்கு முதலாவது துணை நிற்கிறது. இனிமை இல்லாவிட்டால் நூறு ஆண்டுகள் ஒரு பாட்டை யார் பாடுவார்கள்?

இதனை நான் என் தொழிலிலேயே உணர்ந்தேன். அறிவிப்புகளைத் தமிழில் பெயர்ப்பது என் பணிகளுள் ஒன்று. 'கடல் நீர் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கும் நிலையில், பொதுமக்கள் உடனடியாக உயரமான பகுதிகளுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறேன். பிழையற்ற வாக்கியம். ஆனால் எந்தத் தாயும் அதனைத் தொட்டிலருகே பாடமாட்டாள். இன்று ஐதராபாத்தில், 2007ஆம் ஆண்டு முதல், ஆழிப்பேரலையை முன்னறிந்து எச்சரிக்கும் மையம் ஒன்று இயங்குகிறது. கடலடியின் நடுக்கத்தைச் சில நிமிடங்களில் அறிந்து கரைக்குச் செய்தி அனுப்பும் ஆற்றல் அதற்கு உண்டு. அது மிகப் பெரிய வரம். ஆனால் செய்தி வந்து சேர்ந்த பிறகு ஓட வேண்டியது மனிதனுடைய கால். அந்தக் காலுக்குப் பழக்கம் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, சிமலூ தீவின் செய்தியை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். இறந்தவர் எத்தனை பேர் என்று மீண்டும் கேட்டார். "ஏழு பேர், அப்பா" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அவனிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கடற்கரைக்குச் சென்றோம். தந்தையாரின் நண்பருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கடலுக்குச் செல்வதில்லை, கரையில் அமர்ந்து வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார். என் தந்தையார் மணலில் அவருக்கு அருகே அமர்ந்து, ஒரு பாடத்தைச் சொல்வது போல அந்தத் தீவின் கதையைச் சொன்னார். நண்பர் கைவேலையை நிறுத்தவில்லை. கதை முடிந்ததும் என் மகளை அருகில் அழைத்தார்.

"அம்மா, இந்தக் கடல் திடீரென்று பின்னால் போய்விட்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

அவள் சற்று எண்ணிப் பார்த்தாள். "கிளிஞ்சல் பொறுக்குவேன், தாத்தா" என்றாள்.

எங்கள் மூவருக்கும் பேச்சு எழவில்லை. தாலாட்டின் கதையை எழுதியும் மொழிபெயர்த்தும் வைத்திருந்த நான், என் மகளுக்கு அதனைச் சொல்லியிருக்கவில்லை. தில்லியில் இருப்பவளுக்கு எதற்கு என்று எண்ணிவிட்டேன். பெரியவர் வலையைக் கீழே வைத்தார். அவள் தோள்களைப் பற்றி மெல்லத் திருப்பி, மேற்கே, மேட்டை நோக்கிச் செல்லும் பாதையைக் காட்டினார். "அந்தப் பக்கம். திரும்பிப் பார்க்காமல். தம்பி தங்கை யார் இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு" என்றார். அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொன்ன பிறகே விட்டார். அதன் பிறகு அவள் அலையில் கால் நனைத்தாள். என் தந்தையார் அவள் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். முழங்கால் வரை நீர் வந்தது, அவர் பின்வாங்கவில்லை.

தில்லிக்குத் திரும்பிய பின் அவள் மீண்டும் ஒரு கடலை வரைந்தாள். இம்முறை தாளின் பாதிக்கு மேல் மணல். மணலில் ஒரு வலையும் இரண்டு தாத்தாக்களும். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பாதை, மேடு வரை செல்கிறது. நீலக் கோடு வளைந்திருக்கிறது. ஓவியத்தில் அவளுக்குப் பெரிய தேர்ச்சி இல்லை. ஆயினும் 'வேறு என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு அவளே விடை கண்டுவிட்டாள்.

நேயர்களே, உங்களில் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் வாழ்வோர், கடலைக் காண விரும்பினால் மாலையில் நடந்தே சென்று காணலாம். போபாலிலும் நாகபுரியிலும் தில்லியிலும் வாழ்வோர்க்கு அது இயலாது. எங்கிருந்தாலும் நம் பிள்ளைகள் ஒருநாள் ஏதேனும் ஒரு கரையில் நிற்பார்கள். அன்று அவர்கள் கையில் நாம் எதனைக் கொடுத்து அனுப்பியிருப்போம்? கடலின் அழகை வியக்கும் கண்ணைக் கொடுக்கலாம். அதனை ஓர் ஓவியம் கொடுக்கும். அதன் இயல்புக்கு ஏற்பக் குனியும் பணிவைக் கொடுக்கலாம். அதனை ஒரு படகோட்டி கொடுப்பான். அது நொந்திருக்கும்போது உதவும் கையைக் கொடுக்கலாம். அதனை ஒரு சிற்பி காட்டியிருக்கிறான். இவற்றோடு, திரும்பி ஓட வேண்டிய திசையையும் சொல்லிக் கொடுத்து அனுப்புவோம்.

நம் மொழியில் தாலாட்டுக்குக் குறைவில்லை. அத்தை அடித்தாளோ, மாமன் அடித்தானோ என்று கேட்கும் பாட்டுகளில் இன்னும் இரண்டு அடிகளுக்கு இடம் இருக்கிறது. அவற்றை என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளன் எழுத முடியாது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களில் ஒருவர், இன்றிரவு பிள்ளையை உறங்க வைக்கும்போது, தாமே கட்டிப் பாடினால் போதும்.